யாழ்ப்பாணத்தில் இருந்தபடி வெளிநாட்டு ஏலத்தில் பழம்பொருள் வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பாசையூரிலோ குருநகரிலோ மீன் கூறும் இடத்தில் ஒரு காலைப்பொழுது நின்றவருக்கு ஏலத்தைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. கூடை தரையில் கொட்டப்படுகிறது. கூறுபவர் ஒரு விலையைச் சொல்கிறார், ஒருவர் தலையை அசைக்கிறார், இன்னொருவர் விரலைத் தூக்குகிறார், விலை ஏறி நிற்கிறது. அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் வாங்கியவர் அந்த அரை நிமிடத்தில் முடிவெடுத்தவர் அல்ல. கூடை இறங்கியவுடனேயே செவுளைத் தூக்கிப் பார்த்து, இது இன்ன விலைக்கு மேல் போகாது என்று மனதில் போட்டு வைத்துவிட்டுத்தான் நிற்பார்.

இங்கிலாந்தின் ஏதோ ஒரு சிற்றூர் ஏலக்கடையில் இலங்கை முத்திரை அல்பம் ஒன்று விலைபோகும்போது நாங்கள் யாழ்ப்பாணத்தில் கணினிக்கு முன்னால் இருந்து கேட்பதும் இதே ஏலம்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று: செவுளைத் தூக்கிப் பார்க்க முடியாது. அந்தப் பார்வையை வேறு எந்த வழிகளில் பெறுவது என்பதுதான் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி.

இதில் எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதன் பிறகு வந்த இடப்பெயர்வுகளில் வீட்டு அலுமாரிகளில் இருந்தவையும் போயின. எஞ்சியவற்றில் ஒரு நல்ல பங்கு ஊருக்கு வெளியேதான் இருக்கிறது. ஒல்லாந்தரும், அமெரிக்க மிஷனரிமாரும், ஆங்கிலேய அதிகாரிகளும் பெட்டிகளில் கொண்டுபோனவை, அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பரணிலிருந்து இறங்கி இப்போது ஏலத்துக்கு வருகின்றன. வண்ணார்பண்ணை முகவரி எழுதிய ஒரு கடித உறை, மானிப்பாயில் அச்சிட்ட ஒரு சிறு நூல், புகையிரத நிலையத்தின் அஞ்சலட்டை. இவை உலகச் சந்தையில் பெரிய விலைப் பொருட்கள் அல்ல. கவனமாக இருந்தால் எங்களைப் போன்றவர்களின் சம்பளத்துக்குள்ளேயே வாங்கலாம்.

1. தளம் வேறு, ஏலக்கடை வேறு

புதிதாக வருபவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். ‘தி சேல்ரூம்’, ‘லைவ் ஒக்ஷனியர்ஸ்’, ‘இன்வேலுவபிள்’ போன்றவை ஏலம் விடுவதில்லை. அவை நூற்றுக்கணக்கான ஏலக்கடைகள் தங்கள் பொருட்களை ஒரே இடத்தில் காட்டும் மண்டபங்கள். பொருள் ஏலக்கடையின் கையில் இருக்கிறது. உங்களுக்கு விற்பதும், பற்றுச்சீட்டு எழுதுவதும், பிழை வந்தால் பதில் சொல்ல வேண்டியதும் ஏலக்கடைதான். தளத்துக்கு மின்னஞ்சல் எழுதி “பொருள் உடைந்து வந்தது” என்று சொன்னால், கடையுடன் கதையுங்கள் என்றுதான் பதில் வரும்.

கடைக்காரருக்கு இந்தத் தளம் எதற்கு? முன்பெல்லாம் ஒரு ஊர் ஏலக்கடைக்கு அந்த ஊரவர்தான் வருவார்கள். இலங்கை முத்திரைப் பெட்டி ஒன்று வந்தால் அதை விளங்கிக் கேட்பவர் அந்த அறையில் ஒருவரும் இருக்கமாட்டார். இப்போது கடை தன் பொருட்பட்டியலையும் படங்களையும் தளத்தில் ஏற்றுகிறது. கேட்க வருபவர்களின் பதிவு, முன்கூட்டியே கொடுக்கப்படும் ஏல விலைகள், ஏல நாளின் நேரடி ஒளிபரப்பு, முடிந்தபின் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் தளத்தின் மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. ஏலம் விடுபவருக்குப் பக்கத்தில் ஒரு எழுத்தர் கணினியுடன் இருப்பார். நீங்கள் இங்கே பொத்தானை அழுத்தினால் அவருடைய திரையில் தெரியும், அவர் கையைத் தூக்கி “இன்டர்நெட்” என்பார். அறையில் உங்களுக்காகத் தலையசைப்பவர் அவர்தான்.

இந்த வசதிக்குத் தளம் கடையிடம் காசு வாங்குகிறது. கடை அதில் ஒரு பங்கையாவது உங்களிடம் வாங்குகிறது. அதனால்தான் ஒரே பொருளுக்குத் தளம் வழியாகக் கேட்டால் ஒரு விலை, கடையின் சொந்த இணையப்பக்கம் வழியாகக் கேட்டால் இன்னொரு விலை வரும். பல கடைகள் தங்கள் சொந்தப் பக்கத்தில் மேலதிகக் கட்டணம் இல்லாமலே கேட்க விடுகின்றன. தளத்தில் தேடுங்கள், கண்டுபிடியுங்கள், பிறகு அந்தக் கடையின் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். நூறு பவுண் பொருளில் ஐந்தாறு பவுண் மிஞ்சும்.

2. எதற்கு எங்கே போவது

எல்லாத் தளத்திலும் எல்லாம் கிடைக்கும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. அஞ்சலட்டைக்கும் கடித உறைக்கும் பெல்ஜியத்தின் ‘டெல்காம்ப்’ நல்ல இடம். நாணயத்துக்கு ‘நுமிஸ்பிட்ஸ்’, ‘சிக்ஸ்பிட்’ ஆகியவற்றில் நாணய ஏலக்கடைகள் வரிசையாக இருக்கும். ‘ஸ்பிங்க்’, ‘நூனன்ஸ்’ போன்ற பெயர்பெற்ற கடைகளின் விவரிப்பை நம்பிக் கேட்கலாம், ஆனால் விலையும் அதற்கேற்ப இருக்கும். நெதர்லாந்தின் ‘கட்டாவிக்கி’யில் பொருளைப் பட்டியலிடுவதற்கு முன் துறை தெரிந்தவர் ஒருவர் பார்க்கிறார். பொருள் உங்களிடம் வந்து சேரும்வரை விற்றவருக்குக் காசு போகாது. தொடக்கக்காரருக்கு இது பெரிய பாதுகாப்பு. 1995இல் தொடங்கிய ‘ஈபே’யைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, கடல் போன்றது, முத்தும் உண்டு, கிளிஞ்சலும் உண்டு.

இந்திய ஏலக்கடைகளைப் பற்றி ஒரு சொல். சென்னையிலும் மும்பையிலும் நல்ல சோழர் காசுகள் வரும், யாழ்ப்பாண அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட எங்கள் சேது காசுகளும் எப்போதாவது வரும். ஆனால் இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. அதனால் படத்தைப் பார்த்து அறிவை வளர்க்கலாம், கேட்டு வாங்கி இங்கே எடுப்பிக்க நினைக்கக் கூடாது.

3. தேடுவதில்தான் பாதி வெற்றி

‘ஜஃப்னா’ என்று ஆங்கிலத்தில் அடித்துத் தேடுபவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் ஆட்களே போதும் விலையை ஏற்ற. மலிவாகக் கிடைப்பது வேறு பெயரில் ஒளிந்திருப்பது.

ஒல்லாந்தர் எழுதியது ‘ஜஃப்னபட்னம்’. பழைய வரைபடங்களில் அதன் முதல் ஆங்கில எழுத்து ஜே அல்ல, ஐ. தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள்: காரைநகர் ‘ஆம்ஸ்டர்டாம்’, வேலணை ‘லைடன்’, புங்குடுதீவு ‘மிடில்பேர்க்’, நயினாதீவு ‘ஹார்லெம்’, நெடுந்தீவு ‘டெல்ஃப்ட்’. ‘டெல்ஃப்ட்’ என்று மட்டும் தேடினால் நீலவெள்ளைக் கோப்பைகள் ஆயிரக்கணக்கில் வந்து விழும். அதனுடன் ‘சிலோன்’ என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்.

அமெரிக்க மிஷனரிமாரின் எழுத்து இன்னொரு விதம். வட்டுக்கோட்டை அவர்களுக்கு ‘பட்டிகோட்டா’. 1823இல் அங்கே தொடங்கிய செமினரி என்ற அவர்களுடைய உயர்கல்விக்கூடத்தைப் பற்றிய தாள்கள் எல்லாம் அந்தப் பெயரில்தான் இருக்கும். உடுவிலை இரண்டு ‘ஓ’ வரும்படி ‘ஊடூவில்’ என்று எழுதினார்கள், தெல்லிப்பழையைத் ‘தில்லிபள்ளி’, மானிப்பாயை ‘மனிப்பி’, பண்டத்தரிப்பைப் ‘பண்டிதெரிப்போ’ என்றார்கள். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஒரு குடும்பத்துப் பழைய கடிதக்கட்டு ஏலத்துக்கு வந்தால், பட்டியல் எழுதுபவருக்கு இது யாழ்ப்பாணம் என்றே தெரிந்திருக்காது. உறையில் தெரிகிற எழுத்தை அப்படியே பட்டியலில் போட்டுவிடுவார். அந்த எழுத்தைத் தெரிந்தவருக்குத்தான் அந்தக் கட்டு.

இந்தச் சொற்கள் எல்லாவற்றையும் தளத்தில் தேடல் எச்சரிக்கையாகச் சேமித்து வையுங்கள். அப்படியான பொருள் வந்தவுடன் மின்னஞ்சல் வரும். பெயரே இல்லாத கலவைப் பெட்டிகளையும் விடாதீர்கள். ‘பிரித்தானியப் பேரரசு, பழைய தாள்கள், ஒரு பெட்டி’ என்று போட்டிருப்பார்கள். படத்தைப் பெருப்பித்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தால், பத்தாவது பெட்டியிலாவது ஒரு தமிழ் எழுத்து கண்ணில் படும். இதற்குப் பொறுமை வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

4. பதிவு செய்வது

ஏலம் தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு மூன்று நாட்களுக்கு முன் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு ஏலத்துக்கும் அந்தக் கடை உங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும். பெயர், முகவரி, வெளிநாட்டுக் கொடுப்பனவு செய்யக்கூடிய கடனட்டை அல்லது டெபிட் அட்டை கேட்பார்கள். அட்டையைச் சரிபார்க்க ஒரு சிறு தொகையைப் பிடித்துவிட்டுத் திருப்பி விடுவார்கள். வங்கி அந்தக் கொடுப்பனவை நிறுத்தினால் பதிவும் நின்றுவிடும், அதனால் வங்கிக்கு முன்பே சொல்லி வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறந்து வையுங்கள்.

முகவரியில் ஒழுங்கையின் பெயரை மட்டும் எழுதினால் வெளிநாட்டவருக்கு விளங்காது. வீதி, பகுதி, யாழ்ப்பாணம், 40000 என்ற தபால் குறியீடு, கைத்தொலைபேசி எண் எல்லாவற்றையும் போடுங்கள். இலங்கை முகவரி என்றவுடன் சில கடைகள் தயங்கும். அப்போது முன்பு வாங்கிய ஒரு கடையின் பெயரைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

5. செவுளைத் தூக்கிப் பார்ப்பது

என் சொந்த இழப்பு ஒன்றைச் சொல்லித்தான் இதை விளக்க முடியும். பிலிப்பஸ் பல்தேயஸ் என்ற ஒல்லாந்தப் பாதிரியார் 1658 முதல் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான அவருடைய நூலில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் செப்புத்தகட்டு வரைபடம் உண்டு. அந்த நூலிலிருந்து பிரித்த தனித்தாள்கள் ஏலத்துக்கு வருவது வழக்கம். அப்படி ஒன்று வந்தது. படம் வடிவாக இருந்தது, தாள் மஞ்சளாக இருந்தது, தீவுகளின் பெயர்கள் எல்லாம் சரியாக இருந்தன. நான் மேலதிகமாக ஒன்றும் கேட்காமல் வாங்கினேன்.

பார்சல் வந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக் கடற்கரைக் கோட்டைப் பார்த்தேன். கோடு கோடாக இருக்கவில்லை, பொடிப் புள்ளிகளாக இருந்தது. செப்புத்தகட்டில் கீறி அச்சிட்ட கோடு தொடர்ச்சியாக, மை சற்றுப் புடைத்து இருக்கும். புள்ளிகள் என்றால் இருபதாம் நூற்றாண்டு அச்சகத்தில் வந்த பிரதி. கடைக்கு எழுதினேன். பட்டியலை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். ‘பல்தேயஸ்’ என்ற பெயருக்கு முன்னால் ‘ஆஃப்டர்’ என்ற ஒரு சொல் இருந்தது. ஏலப் பட்டியலின் மொழியில் அதற்கு ‘அவருடையதைப் பார்த்துச் செய்தது’ என்று பொருள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நான் வாசிக்கவில்லை. அந்தத் தாள் இன்றும் என் மேசைக்கு மேல் தொங்குகிறது.

பழைய வரைபடம் என்றால் மூன்று படங்கள் கேளுங்கள். ஒன்று, விளிம்பின் நெருக்கப்படம். செப்புத்தகடு தாளில் அழுந்திய சதுரத் தடம் வரைபடத்தைச் சுற்றித் தெரிய வேண்டும். இரண்டாவது, தாளை வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்த படம், கையால் செய்த அக்காலத் தாளில் நெருக்கமான கோட்டு வரிகள் தெரியும். மூன்றாவது, பின்பக்கம். நூலில் கட்டியிருந்தால் நடுவில் மடிப்பும் ஒட்டுத்தாளின் தடமும் இருக்கும். ஏலத்துக்கு இரண்டு நாள் முன்புவரை கேட்டால் நல்ல கடைகள் மறுக்காமல் அனுப்பும். அனுப்ப மறுத்தால் அதுவே ஒரு பதில்.

முத்திரைக்கு வேறு கண் வேண்டும். இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1இல் வந்த ஆறு பென்ஸ். 1859இல் வந்த நான்கு பென்ஸ் மங்கிய ரோஜா நிற முத்திரைதான் இலங்கைச் சேகரிப்பில் எல்லோரும் கனவு காண்பது. இந்தப் பென்ஸ் வரிசைகளில் பேனாவால் கீறி இரத்துச் செய்தவை ஏராளம். பேனா மையைக் கழுவி, மேலே பொய்த் தபால் குத்து போட்டு, அல்லது பின்னால் புதிதாகப் பசை பூசிப் பாவிக்காத முத்திரை என்று விற்பார்கள். பின்பக்கப் படம் இல்லாமல் விலையுயர்ந்த முத்திரையைக் கேட்காதீர்கள். பெரிய தொகை என்றால் லண்டனிலுள்ள ரோயல் பிலாட்டெலிக் சொசைட்டியின் நிபுணர் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆரியச்சக்கரவர்த்திகளின் சேது காசு சிறிய செப்புக்காசு. ஒரு பக்கம் படுத்திருக்கும் நந்தியும் அதன் கீழ் ‘சேது’ என்ற தமிழ் எழுத்தும், மற்றப் பக்கம் நிற்கும் உருவம். வார்ப்பில் செய்த போலிகள் நிறைய. விளிம்பைச் சுற்றி மெல்லிய தையல் போன்ற கோடு, மேற்பரப்பில் குமிழி வெடித்த குழிகள், மழுங்கிய எழுத்து இருந்தால் விலகிவிடுங்கள். ஒரே விற்பனையாளரின் பழைய பட்டியல்களையும் பாருங்கள். அதே இடத்தில் அதே கீறலுடன் இன்னொரு காசு இருந்தால் இரண்டும் ஒரே அச்சிலிருந்து வந்த பிள்ளைகள். உண்மையான காசுகளைக் கண்ணால் பழக நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். படத்தில் வராத செம்பின் நிறம் நேரில்தான் மனதில் பதியும்.

அஞ்சலட்டையைத் திகதியிட ஊர் வரலாறே உதவும். காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரிவரை புகையிரதப் பாதை திறந்தது 1902இல், கொழும்புடன் இணைந்தது 1905இல். யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தின் படத்தை ‘1890கள்’ என்று ஒரு கடை போட்டிருந்தால் அவர்கள் மற்றத் தகவல்களையும் ஊகத்தில்தான் எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று, பட்டியலின் ஓரத்தில் ‘ஏ/எஃப்’ என்று இரண்டு எழுத்து இருந்தால் ‘உள்ளபடியே, குறைகளோடு’ என்று பொருள். அதற்குப் பிறகு முறைப்பாட்டுக்கு இடமில்லை.

6. கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

சுத்தியல் விழும் விலை நீங்கள் கொடுக்கும் விலை அல்ல. 1975இல் லண்டனின் பெரிய ஏலக்கடைகளான கிறிஸ்டீஸும் சோதபீஸும் வாங்குபவரிடமும் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். இன்று ஏறத்தாழ எல்லாக் கடைகளும் அதைப் பின்பற்றுகின்றன. இங்கிலாந்தின் ஊர்க் கடைகளில் 20 முதல் 25 சதவீதம் சாதாரணம்.

ஒரு உதாரணம். சுத்தியல் விலை 60 பவுண். 25 சதவீத வாங்குபவர் கட்டணம் 15 பவுண். அந்தக் கட்டணத்துக்கு 20 சதவீத வற் வரி 3 பவுண். தளத்தின் கட்டணம் 4.95 சதவீதம், அதற்கும் வரி, சேர்த்து ஏறக்குறைய 3 பவுண் 56 பென்ஸ். இதுவரை 81 பவுண் 56 பென்ஸ். பதிவுத் தபாலும் பொதி கட்டுவதும் 18 பவுண் என்று வைத்தால் கிட்டத்தட்ட 100 பவுண். அறுபது நூறாகிவிட்டது. இதன் மேல் வங்கியின் நாணயமாற்றுக் கழிவு, இலங்கைச் சுங்கம் ஏதும் கேட்டால் அது.

எனவே மேலிருந்து கீழே வாருங்கள். என்னால் மொத்தம் 100 பவுண்தான் முடியும் என்றால் நான் கேட்கும் உச்சம் 60. அந்த எண்ணைக் கொப்பியில் எழுதி வட்டம் போட்டு வைக்கிறேன். ஏலச் சூட்டில் மனம் “இன்னும் ஒரு ஐந்துதானே” என்று சொல்லும். கொப்பியைப் பார்த்தால் அடங்கும். வற் வரியை ஏற்றுமதிக்குத் திருப்பித் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள், சில கடைகள் தருகின்றன.

பொருளின் நியாயமான விலையை அறிய, தளங்களில் முடிந்த ஏலங்களின் விலைகளைப் பாருங்கள். கடை போடும் மதிப்பீடு ஆட்களை இழுக்கக் குறைத்துப் போட்டதாகவும் இருக்கலாம். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ‘ரிசர்வ்’ என்பது விற்பவர் ‘இதற்குக் கீழே கொடுக்காதே’ என்று கடைக்குச் சொன்ன மறைவான விலை.

7. ஏல நாள்

முன்கூட்டியே உச்சவிலை கொடுத்துவைப்பதுதான் என் வழி. நம்பிக்கையான ஒருவரிடம் “120 வரைக்கும் போ, அதற்கு மேல் வேண்டாம்” என்று காசைக் கொடுத்துச் சந்தைக்கு அனுப்புவது போன்றது. நீங்கள் 120 கொடுத்திருக்க, மற்றவரின் உச்சம் 90 என்றால், கணினி அடுத்த படியான 95இல் உங்களுக்குப் பொருளைத் தரும், 120 எடுக்காது. இருவரும் ஒரே தொகை கொடுத்திருந்தால் முதலில் கொடுத்தவருக்கு. அதனால் வட்டமான எண்ணைத் தவிர்த்து, முடிந்தவரை நேரத்தோடு கொடுங்கள். ஈபேயில் மட்டும் முடிவுநேரம் மாறாது என்பதால் பலர் கடைசி நொடியில் கேட்பார்கள். கடைகள் குறித்த நேரம்வரை இணையத்தில் மட்டும் நடத்தும் ஏலங்களில் கடைசியில் ஒருவர் கேட்டால் நேரம் நீளும், அங்கே இந்த உத்தி பலிக்காது.

நேரடியாகக் கேட்பது என்றால் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். ஏலத்தில் ஒரு எண்ணின் கீழ் விடப்படும் பொருளை அல்லது கட்டை ‘லொட்’ என்பார்கள். ஒரு மணித்தியாலத்தில் ஏறக்குறைய நூறு லொட் போகும். லண்டனில் காலை பத்துக்குத் தொடங்கினால் 640ஆவது லொட் மாலை நாலரைக்குக் கிட்ட வரும். குளிர்காலத்தில் எங்களுக்கு அது இரவு பத்து மணியளவில், கோடையில் ஒன்பது மணியளவில்.

ஒரு மார்கழி இரவு அப்படித்தான் இருந்தேன். 1900களின் தொடக்கத்துக் கடித உறைகள் கொண்ட ஒரு கட்டு, மேலே தெரிந்த உறையில் யாழ்ப்பாணக் குத்து. மழை, வோல்டேஜ் ஏறி இறங்கியது. 636ஆவது லொட்டில் மின்சாரம் போனது. ரவுட்டர் அணைந்தது. போனின் டேட்டாவைத் திறந்து மடிக்கணினியை அதனுடன் இணைத்துத் தளத்துக்குள் திரும்ப நுழைந்தபோது திரையில் 641 ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சு விழுந்துவிட்டது. ஆனால் காலையில் கொடுத்து வைத்த உச்சவிலை தன் வேலையைச் செய்திருந்தது. 640க்கு நேராக என் எண். நேரில் கேட்கத்தான் போகிறேன் என்று அதைக் கொடுக்காமல் விட்டிருந்தால் அந்தக் கட்டு இன்று வேறு யாரிடமோ இருந்திருக்கும்.

8. காசு கட்டுவதும் பார்சல் எடுப்பிப்பதும்

வென்றபின் பற்றுச்சீட்டு மின்னஞ்சலில் வரும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் கட்ட வேண்டும். வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று இடையில் இன்னொரு மின்னஞ்சல் வந்தால் காசு அனுப்பாதீர்கள், கடையின் இணையப்பக்கத்திலுள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். இந்த மோசடி நிறைய நடக்கிறது.

பொதி அனுப்புவதைப் பற்றி, ஏலம் கேட்கும் முன்பே விசாரித்திருக்க வேண்டும். சில கடைகள் தாங்களே அனுப்பும். சில கடைகள் வெளியாருக்குக் கொடுத்துவிடும், அவர்கள் ஒரு கடித உறைக்கே ஐம்பது அறுபது பவுண் கேட்பதும் உண்டு. எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: லண்டனில் ஒரு சித்தியோ மாமாவோ இல்லாத வீடு குறைவு. உள்ளூர்த் தபாலில் அவர்களுக்கு அனுப்பச் சொல்லி, திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லலாம். சித்திக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், பற்றுச்சீட்டின் பிரதியை அவரிடம் கொடுத்து வையுங்கள், சுங்கத்தில் கேட்டால் காட்ட வேண்டும். பாரமான பொருளை அவர் தலையில் கட்ட வேண்டாம். வற் வரி திருப்பிக் கிடைப்பது இந்த வழியில் இல்லாமல் போகும்.

நேராகத் தபாலில் வருவதானால், சுங்கப் படிவத்தில் உண்மையான விலையையும் சரியான குறியீட்டையும் எழுதச் சொல்லுங்கள். முத்திரைக்கு 9704, நாணயச் சேகரிப்புக்கு 9705, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளுக்கு 9706. ‘பரிசு’ என்று எழுதச் சொல்லி விலையைக் குறைக்காதீர்கள். தொலைந்தால் காப்புறுதியும் அந்தக் குறைந்த விலைக்குத்தான்.

பார்சலைத் திறக்கும்போது போனில் வீடியோ எடுங்கள், முத்திரையிட்ட பொதியிலிருந்து கடைசித் தாள்வரை. குறை இருந்தால் அன்றே எழுதுங்கள்.

9. வீட்டில் இருப்பதை விற்க நினைத்தால்

தாத்தாவின் முத்திரை அல்பம், பழைய அஞ்சலட்டைகள் போன்றவற்றை வெளிநாட்டு ஏலக்கடைக்கு அனுப்பி விற்பதும் நடக்கக்கூடியதே. கடை விற்ற விலையில் பத்து முதல் இருபது சதவீதம்வரை எடுக்கும். படங்களை அனுப்பி இரண்டு மூன்று கடைகளின் கருத்தைக் கேளுங்கள். ரிசர்வ் விலையை எழுத்தில் வாங்குங்கள். விலைபோகாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் அனுப்ப முடியாது. இலங்கையின் 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவை தொல்பொருட்கள். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். சேது காசும் ஒல்லாந்தர் காலத்துக் காசும் இதற்குள் வரும். 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகிறது. கிணறு வெட்டும்போது வந்த காசு உங்களுடையது அல்ல, அரசுடையது. அதைத் தெரிவிக்க வேண்டும். ஏட்டுச்சுவடிகளைத் தொடவே வேண்டாம். ஏற்கெனவே போனவை போதும்.

1815க்குப் பிந்திய நூலோ கடிதமோ விற்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கமாக வடிவாக ஸ்கான் செய்யுங்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். தாள் போனாலும் எழுத்து ஊரில் நிற்கும்.

வாங்கியவர்களுக்கும் இதே சட்டம் தொடர்பாக ஒரு வேலை உண்டு. பற்றுச்சீட்டு, சுங்கப் படிவம், ஏலப் பட்டியலின் அந்தப் பக்கம், கடையுடன் எழுதிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் அச்சிட்டு, பொருளின் படத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள். ஜேர்மனி ஏலத்திலிருந்து வந்த சேது காசும் வடமராட்சி மண்ணில் தோண்டிய சேது காசும் பார்வைக்கு ஒன்றுதான். யாராவது கேட்கும் நாளில் இரண்டையும் பிரித்துக் காட்டப்போவது அந்தக் கோப்புத்தான். என் கோப்புகள் ஒரு தகரப்பெட்டியில் இருக்கின்றன. ஈரம் பிடிக்காமல் இருக்க உள்ளே சிலிக்கா பொட்டலங்களைப் போட்டு, மாரிகாலம் தொடங்கும் முன் மாற்றிவிடுவேன்.